மைத்துனர் கட்டும் பணம்

கேள்வி: ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எதற்கும் நாம் ஒரு பைசா கொடுப்பதில்லை. நம்முடைய தகவல்களை விற்றுத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். நான் எந்த விளம்பரத்தையும் தொடுவதில்லை, அதன் வழியாக எதையும் வாங்குவதுமில்லை. திருப்பூரில் டி-ஷர்ட் தைத்து விற்கும் என் மைத்துனரோ, லாபத்தில் பாதி விளம்பரத்துக்கே போகிறதென்று மாதம் தவறாமல் புலம்புகிறார். என்னைப் போன்ற ஆளால் அந்த நிறுவனங்களுக்கு என்ன வருமானம் வந்துவிடப் போகிறது?
– ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் கொடுக்காத பணத்தை உங்கள் மைத்துனர் கொடுக்கிறார். அதை டி-ஷர்ட்டின் விலையில் ஏற்றி, வாங்குகிறவர்களிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார். நீங்களும் எங்கோ ஒரு கடையில் சட்டையோ சோப்போ மோட்டாரோ வாங்குகிறவர்தான் என்பதால், இலவசம் என்று நீங்கள் நினைத்திருப்பதற்கான கட்டணம் அந்த பில்களில் சில்லறை சில்லறையாக ஏறிக்கொண்டிருக்கிறது.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 16,450 கோடி டாலர். அதில் 16,060 கோடி விளம்பரத்தால் வந்தது. 2018 ஏப்ரலில் அமெரிக்க செனட் விசாரணையில், பயனாளர்களிடம் காசு வாங்காமல் எப்படித் தொழில் நடத்துகிறீர்கள் என்று முதிய உறுப்பினர் ஒருவர் கேட்டபோது, ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க், "விளம்பரம் போடுகிறோம், ஐயா" என்கிற அளவிலேயே பதிலை முடித்துக்கொண்டார். உலகம் அந்தக் கேள்வியைப் பார்த்துச் சிரித்தது. எனக்கென்னவோ அன்று கேட்கப்பட்டவற்றில் அதுவே சரியான கேள்வியாகத் தோன்றியது.

தகவலை விற்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். விற்றால் சரக்கு கைமாறிப் போய்விடும்; மறுமுறை வாங்க ஆள் வரமாட்டார்கள். ஆகையால் தகவலைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதன் துணையால் உங்கள் கண் முன்னே ஒரு விளம்பரத்தை நிறுத்தும் வாய்ப்பை மட்டும் விற்கிறார்கள். உங்கள் மைத்துனர், 'கோவை, ஈரோடு வட்டாரத்தில் 25 முதல் 40 வயது வரையுள்ள, உடற்பயிற்சியில் நாட்டமுள்ள ஆண்கள்' என்று குறித்துக் கொடுத்தால், அந்த ஆட்கள் யார் யார் என்ற பட்டியல் அவருக்கு வராது. அவருடைய விளம்பரம் மட்டும் அவர்களிடம் போய்ச் சேரும். இதற்காகத் தளம் மன்னிப்புக்கு உரியதாகிவிடாது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில், ஒரு வினாடி வினாச் செயலியின் வழியாக 8.7 கோடிப் பேர் வரையிலான தகவல்கள் வெளியே போனதற்குக் காரணம், ஃபேஸ்புக் கதவைத் திறந்து போட்டிருந்ததுதான். பயனாளர் தகவலைக் காக்கத் தவறியதற்காக 2019இல் ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

இந்த விற்பனை நடக்கும் முறைதான் நம் பக்கத்து ஆட்களுக்கு எளிதில் விளங்கும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொப்பரைக்கு மறைமுக ஏலம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள்: வியாபாரிகள் குவியலைக் கையால் அள்ளிப் பார்த்துவிட்டு, அடுத்தவருக்குத் தெரியாமல் விலையை எழுதிக் கொடுப்பார்கள். நீங்கள் கைப்பேசியில் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், ஒரு நொடி முடிவதற்குள் இப்படியொரு ஏலம் உங்களை வைத்து நடந்து முடிகிறது. ஒரு வேறுபாடு உண்டு. கொப்பரையில் அதிக விலை எழுதியவருக்கே சரக்கு. இங்கே கேட்ட தொகையோடு, நீங்கள் அந்த விளம்பரத்தைத் தொடுவதற்கோ பொருளை வாங்குவதற்கோ எவ்வளவு வாய்ப்பு என்ற கணிப்பையும் பெருக்கி, விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். பணம் அதிகம் கேட்டவர் தோற்பதும் நடக்கும். கணிப்பு சரியாக அமைந்தால்தான் ஏலம் சூடு பிடிக்கும் என்பதால், நீங்கள் எந்தக் காணொளியில் எத்தனை நொடி நின்றீர்கள், எதைத் தள்ளிவிட்டீர்கள், எந்தக் கடையின் இணையதளத்தில் எதைப் பார்த்துவிட்டு வாங்காமல் வந்தீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. கடைசியில் சொன்னது எப்படித் தெரியும் என்றால், அந்தக் கடைக்காரரே தம் தளத்தில் பிக்சல் என்னும் சிறு நிரலைப் பொருத்தி வைத்திருப்பார். உங்கள் மைத்துனரும் பொருத்தியிருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

இந்த வேவு பார்த்தலின் மதிப்பு என்ன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2021இல் ஆப்பிள் நிறுவனம், பிற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா என்று ஐபோன்காரரிடம் அனுமதி கேட்டாக வேண்டும் என்றது. பெருவாரியானவர்கள் மறுத்தார்கள். அதனால் 2022இல் தமக்கு 1,000 கோடி டாலர் அளவுக்கு வருவாய் குறையும் என்று மெட்டாவே சொன்னது.

'நான் தொடுவதே இல்லை' என்று சற்றுப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். விளம்பரங்களில் கணிசமானவற்றுக்கு, ஆயிரம் முறை காட்டினால் இவ்வளவு என்றுதான் கட்டணம்; நீங்கள் தொடாமல் பார்த்ததற்கும் மீட்டர் ஓடியிருக்கிறது. தொடாதது எது என்பதும் ஒரு தகவல். அதோடு, நீங்கள் அங்கே இருப்பதால்தான் உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களைப் பார்க்கச் சொந்தபந்தம் முழுவதும் அங்கே வருகிறது. அவர்களில் நாலு பேர் தொடுவார்கள். ஆனால் உங்கள் விலை குறைவு என்பது உண்மை. 2023இன் கடைசி மூன்று மாதங்களில் ஃபேஸ்புக் ஈட்டியது அமெரிக்க, கனடியப் பயனாளர் ஒருவருக்கு 68 டாலருக்கு மேல். நம்மையும் உள்ளடக்கிய ஆசிய-பசிபிக் பகுதியில் தலைக்கு ஐந்தரை டாலர். அந்த ஐந்தரையும் கோடிக்கணக்கான தலைகளால் பெருகும்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். யூடியூபில் வழக்கமான நீளமான காணொளிகளுக்கு வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் காணொளி செய்தவருக்கு, மீதி கூகுளுக்கு. வாட்ஸ்அப் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒரு டாலர் கேட்டது. 2016இல் அதையும் விட்டது. உங்கள் செய்திகள் பூட்டப்பட்டே போகின்றன, அவற்றை அவர்களால் படிக்க முடியாது. வங்கியும் ஜவுளிக்கடையும் உங்களுக்கு அனுப்பும் வணிகச் செய்திகளுக்கு அந்தந்த நிறுவனத்திடம் கட்டணம் வாங்குகிறார்கள். ஸ்டேட்டஸ் பகுதியில் விளம்பரம் வரும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள்.

நாங்களும் விளம்பரத்தால் பிழைப்பவர்களே. எங்கள் பின்னட்டைக்கும் விலை உண்டு. ஆனால் நீங்கள் பின்னட்டையைப் பார்த்தீர்களா, பார்க்காமல் பஜ்ஜி மடித்தீர்களா என்பது எங்களுக்குத் தெரியாது, விளம்பரம் கொடுத்தவருக்கும் தெரியாது.

இன்று மாலை ஃபேஸ்புக்கைத் திறக்கும்போது, விளம்பரத்தின் மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, இது எனக்கு ஏன் காட்டப்படுகிறது என்ற பகுதிக்குப் போங்கள். வயது, ஊர், நாட்டம் என்று உங்களைப் பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த கேள்வியை எழுதுங்கள்.