முதலாம் உலகப் போரில் இறந்த, இலங்கையில் வாழ்ந்த இராணுவ அதிகாரி ஒருவரின் குடும்பத்தையும் சேவையையும் எப்படித் தேடுவது?

வெள்ளவத்தையில் இருந்துகொண்டே அப்படி ஒருவரைத் தேடியவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் பூட்டனார் கணக்கப்பிள்ளையாக இருந்த மலையகத் தோட்டத்தில் அவர் சின்னத்துரை, அதாவது உதவி மேலாளர். "சண்டைக்குப் போய்த் திரும்பாத துரை" என்ற பேச்சும், தமிழ் நாவில் தேய்ந்துபோன ஒரு குடும்பப் பெயரும் மட்டுமே எங்கள் வீட்டில் எஞ்சியிருந்தன.

முதலில் ஆள் யார் என்பதை உறுதி செய்யுங்கள். நான் அவசரப்பட்டு, கொமன்வெல்த் போர்க்கல்லறை ஆணைக்குழுவின் இணையப் பட்டியலில் அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட ஒரு லெப்டினன்டைப் பிடித்துக்கொண்டு நான்கு மாதங்களை வீணாக்கினேன்; அவர் இலங்கையை மிதித்ததே இல்லை. பிழையைத் திருத்தியது, கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் நான் புரட்டிய பெர்குசன் டிரெக்டரி. தோட்டங்களையும் அவற்றில் வேலை பார்த்த துரைமாரையும் ஆண்டுதோறும் அச்சிட்ட நூல் அது. ஆனால் தொழிலாளர் வழங்கிய தமிழ்த் தோட்டப் பெயர் வேறு, ஆங்கிலப் பதிவுப் பெயர் வேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1913ஆம் ஆண்டுத் தொகுதியில் அவருடைய மூன்று முதலெழுத்துகளும் கிடைத்த பிறகுதான் தேடல் நேர்வழிக்கு வந்தது.

தோட்டத்துரைமாரைக் கொண்ட தொண்டர் படையான சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோரின் ஓர் அணி 1914இல் எகிப்துக்குச் சென்றது. அதிலிருந்து பலர் பிரித்தானியப் படைப்பிரிவுகளில் அதிகாரிகளாக நியமனம் பெற்றனர். அந்த நியமனத் திகதியையும் படைப்பிரிவையும் பிரித்தானிய அரசிதழான லண்டன் வர்த்தமானியில் காணலாம். படைப்பிரிவு தெரிந்துவிட்டால், லண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 95 வரிசையில், அந்தப் படைப்பிரிவு நாள்தோறும் எழுதிய போர் நாட்குறிப்பைத் தேடுங்கள்; சிப்பாய்களின் பெயரை அரிதாகவே எழுதும் அந்த ஏடுகள், அதிகாரிகளின் பெயரைப் பெரும்பாலும் எழுதிவைத்திருக்கின்றன. எங்கள் துரையின் இறுதி நாள் அதில் இரண்டே வரி.

குடும்பத்தைப் பற்றி அறிய வேண்டுமானால் டபிள்யூ.ஓ. 339 வரிசையில் உள்ள தனிக் கோப்பையே நாட வேண்டும். டெரிட்டோரியல் படை எனப்பட்ட பகுதிநேரத் தொண்டர் படையின் அதிகாரியாயின் டபிள்யூ.ஓ. 374. முதன்மைச் சேவைக் கோப்புகள் 1940ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அழிந்துவிட்டன, எஞ்சியவை கடிதக் கோப்புகளே என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். எனக்கோ அந்தக் கடிதங்கள்தான் பெரிதாகப்பட்டன. நான் பணம் கட்டிப் பெற்ற நகலில், மகனின் பொருட்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று தாயார் இரண்டு முறை எழுதியிருந்தார். அதற்கு அடுத்த தாளில் ஒரு கைக்கடிகாரம், ஒரு புகைக்குழாய், காசோலைப் புத்தகம், நான்கு புகைப்படங்கள் என்று பட்டியல் இருந்தது.

அவருக்குரிய போர்ப் பதக்கங்களைக் குறித்துவைத்த பதக்க அட்டையின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். அதிகாரிகளுக்குப் பதக்கம் தானாக வரவில்லை, விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆகவே விண்ணப்பித்த உறவினரின் முகவரி அட்டையில் எழுதப்பட்டிருப்பதுண்டு. கல்லறை இருந்தால், குடும்பத்தார் தேர்ந்த வாசகத்தையும் பாருங்கள். இடைவெளிகளையும் சேர்த்து 66 எழுத்துகளுக்குள் அதை அடக்க வேண்டியிருந்தது. உங்கள் அதிகாரி ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடும்பத்தவராயின், 1908 முதல் வெளிவந்த டச்சு பேர்கர் யூனியன் சஞ்சிகையின் வம்சாவளிகள் பாதி வேலையை முடித்துத் தரக்கூடும்.

முதலெழுத்துகளையும் தோட்டத்தின் தமிழ்ப் பெயரையும் இங்கே எழுதுங்கள். அடுத்த முறை சுவடிகள் திணைக்களம் செல்லும்போது டிரெக்டரியைப் பார்த்துச் சொல்கிறேன்.