விண்கப்பலில் காதலுக்கு என்ன வேலை?

போன இதழில் லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்டின் வோர்கோசிகன் என்ற அறிவியல் புனைகதை நாவல் தொடரைப் பற்றி எழுதிவிட்டு, படித்தவர்கள் மனதில் பட்டதை எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். 1986-ல் முதல் நாவலான 'ஷார்ட்ஸ் ஆஃப் ஹானர்', 2016-ல் வந்த நாவல்வரை கணக்கு வைத்தால் 30 வருடம் ஓடிய தொடர். கடிதங்கள் நிறைய வந்தன, பாதிக் கடிதங்களில் சண்டைதான், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில். கதையின் முடிச்சுகள் அங்கங்கே அவிழும், இனிமேல்தான் படிக்கப் போகிறேன் என்பவர்கள் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போய்விடுங்கள்.

கே: விண்வெளிப் போர்க் கதை என்று நம்பி 'ஷார்ட்ஸ் ஆஃப் ஹானர்' எடுத்தேன். ஆரம்பத்திலேயே இரண்டு பேர் நாள்கணக்கில் நடக்கிறார்கள், அப்புறம் கல்யாணப் பேச்சு. இதில் அறிவியல் எங்கே இருக்கிறது?

ப: அந்த நடையில்தான் இருக்கிறது. இன்னொரு தடவை அதை மட்டும் படித்துப் பாருங்கள். கார்டீலியா ஒரு ஆய்வுக் குழுவின் தலைவி, ஆரல் எதிரிப் படைத் தளபதி, சொந்தப் படையிலேயே கலகம் வந்து தனியாக விடப்பட்டவன். கூடவே அவளுடைய குழுவைச் சேர்ந்த ஒரு இளைஞன், நரம்பைச் சிதைக்கும் ஆயுதம் பட்டு மூளை போய்விட்டது, கையைப் பிடித்து நடத்த வேண்டும், ஊட்டிவிட வேண்டும். இருக்கிற சாப்பாடு ஓட்மீலும் சாலட்டில் ஊற்றும் ப்ளூ சீஸ் டிரெஸ்ஸிங்கும். இவனை இப்படி வைத்திருப்பதைவிடக் கொன்றுவிடுவதுதான் கருணை என்கிறான் ஆரல், மனதாரத்தான் சொல்கிறான். அவள் முடியாது என்கிறாள், வாயில் கஞ்சி ஊட்டிக்கொண்டே அவனையும் இழுத்துக்கொண்டு நடக்கிறாள்.

ஏன் இரண்டு பேருக்கும் கருணை என்றால் இவ்வளவு வேறு அர்த்தம்? ஆரலின் கிரகமான பராயாருக்குப் போகும் புழுத்துளை, அதாவது நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பல்கள் தாண்டிப் போகும் குறுக்குவழி, ஒரு காலத்தில் மூடிக்கொண்டது. பல நூறு ஆண்டுகள் வெளித்தொடர்பே கிடையாது, விண்கப்பலில் வந்து குடியேறியவர்களின் வாரிசுகள் குதிரைக்கும் வாளுக்கும் திரும்பினார்கள். உடம்பில் குறையோடு வாழ்வதற்கு அங்கே வழியும் இல்லை, மனமும் இல்லை. கார்டீலியாவின் கிரகமான பீட்டா காலனியில் மருத்துவம் எங்கேயோ முன்னேறிப் போய்விட்டது. அந்தப் புழுத்துளையைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள், இவர்களுக்கு நடுவில் தடையே இருக்காது, காதலும் சப்பென்று ஆகிவிடும். அறிவியல் புனைகதையில் வரும் காதலை நான் சோதிக்கிற முறை இதுதான்: அறிவியலை உருவினால் காதலும் சரிய வேண்டும். சரியாமல் நின்றால் அது எந்த ஊரிலும் நடக்கக்கூடிய சாதாரணக் காதல் கதை, பின்னால் ராக்கெட் படம் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கே: நான் மகப்பேறு பிரிவில் செவிலியர். செயற்கைக் கருப்பையில் குழந்தை வளர்ப்பதை இவ்வளவு சாதாரணமாக எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. சுமக்காமல் என்ன தாய்மை?

ப: உங்கள் வருத்தம் புரிகிறது, தினமும் கண்ணால் பார்க்கிறவர் சொல்கிறீர்கள். ஆனால் 'பராயார்' நாவலில் அது சாதாரணமாகவா வருகிறது? கர்ப்பிணியான கார்டீலியா மீது விஷவாயு வீசுகிறார்கள். மாற்று மருந்து அவள் உயிரைக் காப்பாற்றுகிறது, ஆனால் சிசுவின் எலும்பு வளர்ச்சியைக் கெடுத்துவிடுகிறது. அதற்குச் சிகிச்சை கொடுக்க வேண்டுமானால் குழந்தையை வெளியே எடுத்துச் செயற்கைக் கருப்பையில் வைக்க வேண்டும். இப்படி ஒரு பிள்ளை நம் வம்சத்துக்கு வேண்டாம் என்று மாமனாரே அதை அழிக்கப் பார்க்கிறார். அப்புறம் உள்நாட்டுப் போரில் அந்தக் கருவி எதிரிகள் கையில் சிக்க, அதை மீட்க அவள் தலைநகருக்குள்ளேயே நுழைகிறாள். வயிற்றில் சுமக்கவில்லை, சரி. அந்தக் குழந்தைக்காக அவள் சுமந்ததை என்னவென்று சொல்வது?

உடம்புக்கு வெளியே கரு வளர்ப்பதற்கு உயிரியலாளர் ஹால்டேன் 1924-லேயே 'எக்டோஜெனிசிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். 2017-ல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள், குறைமாத ஆட்டுக் கருக்களைத் திரவம் நிரம்பிய பைக்குள் 4 வாரம் வரை வளர்த்துக் காட்டினார்கள். மனிதக் கணக்கில் 23, 24 வாரத்தில் பிறந்துவிடும் குழந்தைகளைக் காப்பாற்றும் எண்ணத்தில் செய்த ஆய்வு அது. இன்குபேட்டருக்குள் கை விட்டு அவ்வளவு சின்னக் குழந்தையைத் தொட்டிருப்பீர்கள். அந்த நினைப்போடு ஒருமுறை திரும்பப் படித்துவிட்டு எழுதுங்கள், உங்கள் கருத்து மாறாவிட்டாலும் எழுதுங்கள், கட்டாயம் போடுகிறேன்.

கே: 'எ சிவில் கேம்பெயின்' படித்து எரிச்சலாகிவிட்டது. மைல்ஸ் எகடெரினுக்கு வேலை கொடுத்தான், மரியாதையாக நடந்துகொண்டான். விருந்தில் வாய் தவறிக் கல்யாணம் கேட்டதற்கா அவள் எழுந்து போக வேண்டும்?

ப: மைல்ஸ் யார் என்று கேட்பவர்களுக்கு: செயற்கைக் கருப்பையில் வளர்ந்த அந்தக் கார்டீலியாவின் பிள்ளைதான். விருந்தில் கேட்டது பெரிய தப்பு இல்லை. தோட்டம் அமைக்கும் வேலையைக் கொடுத்ததே அவளை நெருங்குவதற்காக, அதுதான் தப்பு. சுற்றியிருக்கிற எல்லோரிடமும் சொல்லிவிட்டான், அவளிடம் மட்டும் சொல்லவில்லை. கணவனை இழந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் திறமைக்குக் கிடைத்த வேலை என்று நம்பி, செடி செடியாகப் பார்த்து வரைந்து கொடுத்தவள் அவள். அந்தப் பெருமையை ஒரே ராத்திரியில் பிடுங்கிவிட்டான். நல்லவன் செய்தால் வலிக்காதா?

அப்புறம் அவன் எழுதும் மன்னிப்புக் கடிதத்துக்காகவே இந்த நாவலை நான் பல தடவை எடுத்திருக்கிறேன். சாக்குப்போக்கு இல்லாமல், தான் செய்தது என்ன என்று அவன் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிற இடம் அது. இன்னொன்றையும் கவனியுங்கள், கடைசியில் பிரபுக்கள் சபையில் எல்லோர் முன்னாலும் கல்யாணம் கேட்பது அவள்தான்.

கே: இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒளிவேகத்தை நெருங்கினால் காலம் மெதுவாகும். அதைப் பயன்படுத்தாமல் காதல் கதை எழுதுவது பெரிய வாய்ப்பை விட்டதுபோல் இல்லையா?

ப: ஐயா, நீங்கள் சொல்வதில் எனக்கும் பாதி சம்மதம். கணக்குப் போட்டாலே மனசு கனக்கிறது. பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஒளிவேகத்தில் 99 சதவீதத்தில் ஒருவன் போய்த் திரும்பினால் வீட்டில் காத்திருப்பவளுக்கு ஏறக்குறைய 8.5 வருடம் போயிருக்கும், அவனுக்கு 15 மாதம்கூட ஆகியிருக்காது. அவள் முகத்தில் மாறியிருப்பதை அவன் ஒவ்வொன்றாகப் பார்க்கிற அந்த முதல் பத்து நிமிடத்தை யாராவது பொறுமையாக எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

புஜோல்ட் புழுத்துளை வழியைத் தேர்ந்தெடுத்ததால் வயது வித்தியாசம் என்ற சிக்கல் வரவில்லை, நிஜம்தான். ஆனால் தூரத்தை அவர் சுத்தமாக அழித்துவிடவும் இல்லை. ஒளியை முந்திப் பேசும் கருவி இந்தத் தொடரில் கிடையாது. செய்தியைக் கப்பல்தான் புழுத்துளை தாண்டிச் சுமந்து போக வேண்டும், அதனால் ஒரு வார்த்தைக்குப் பதில் வர நாள்கணக்கில் ஆகும். செவ்வாய்க்கு ஒரு வார்த்தை போகவே 3 முதல் 22 நிமிடம் ஆகிறது. கோபத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு, தப்பு என்று உணர்ந்து, அடுத்த நிமிடமே மன்னிப்பும் அனுப்பியாகிவிட்டது, ஆனால் கோபம்தான் முதலில் போய்ச் சேரும், ஒரு நிமிடம் கழித்துத்தான் மன்னிப்பு. யோசித்துப் பாருங்கள்.

கே: விண்வெளியையும் காதலையும் சேர்ப்பதே எழுத்தாளர்களின் கற்பனைதானே?

ப: இல்லை. 1977-ல் ஏவிய வாயேஜர் விண்கலங்களில் இருக்கும் தங்க இசைத்தட்டில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆன் ட்ரூயனின் மூளை அலைகளும் இதயத் துடிப்பும் ஒலியாகப் பதிவாகியிருக்கின்றன. அவரும் வானியலாளர் கார்ல் சேகனும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று தொலைபேசியில் முடிவு செய்த இரண்டாவது நாள் எடுத்த பதிவு, அப்போது அவர் நினைத்துக்கொண்டிருந்தவற்றில் காதலும் ஒன்று. இது நாசா அனுப்பியது, நாவலில் வந்தது கிடையாது.

கே: இனிமேல்தான் படிக்கப் போகிறேன். எதில் தொடங்குவது?

ப: 'ஷார்ட்ஸ் ஆஃப் ஹானர்', உடனே 'பராயார்'. இரண்டும் வெளிவந்ததில் ஐந்து வருட இடைவெளி, எழுத்தில் வந்திருக்கும் முதிர்ச்சி பக்கத்துக்குப் பக்கம் தெரியும். முதல் நாவலில் சிறைப்பிடிப்பும் பாலியல் வன்முறையும் வருகிற பகுதி உண்டு, மனம் தாங்காது என்றால் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுங்கள், கதை புரியும். மைல்ஸின் காதலுக்கு மட்டும் அவசரம் என்றால் 'கோமார்', அப்புறம் 'எ சிவில் கேம்பெயின்'. இந்த இரண்டையும் மட்டும் வரிசை மாற்றாதீர்கள், எகடெரினின் முதல் கல்யாணம் எப்படி இருந்தது என்று தெரியாமல் அந்த விருந்துக்குள் போனால் அவள் ஏன் எழுந்து போகிறாள் என்பது புரியாது.