எண்ணெய் விடாத கேற்

அன்புள்ள அக்கா,

நானும் இரண்டு நண்பர்களும் ஒரு கடத்தல் படம் எடுக்கப்போகிறோம். மூன்றே பாத்திரங்கள், கல்லடியில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு, நான்கு நாள் படப்பிடிப்பு. ‘த டிஸப்பியரன்ஸ் ஒஃப் அலிஸ் கிரீட்’ பார்த்ததிலிருந்து இதே யோசனைதான். கதை ‘ஏதோ ஒரு நகரத்தில்’ நடக்கிறது. முதல் காட்சியில் ஒரு வெள்ளை வான் வரும், கெத்தாக இருக்கும். ஃபோன் கமரா போதுமா? முடிவில் இன்னொரு திருப்பம் வேண்டுமா?

ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

ஃபோன் போதும். திருப்பத்தைப் பிறகு பார்க்கலாம்.

2009இல் ஜே பிளேக்சன் எடுத்த அந்தப் படத்தை நானும் பார்த்தேன். தொடக்கத்தில் இரண்டு பேர் வாய் திறக்காமல் ஓர் அறையைத் தயார்படுத்துவார்கள். கட்டில், சுவர், ஜன்னல், பூட்டு என்று ஒவ்வொன்றாக, ஏதோ தச்சுவேலை மாதிரி. படத்திலேயே எனக்கு அதிகம் பயம் தந்தது அந்த நிமிடங்கள்தான். கையில் காசில்லாதவர்களுக்கு அது நல்ல பாடம். ஆனால் கப்பம் கேட்கப்படுவது அந்தப் பெண்ணின் அப்பாவிடம். அவர் ஒரு காட்சியிலும் வருவதில்லை. நடிகர்களே மூன்று பேர்தானே. அங்கே அது சரி. பணம் வந்தால் ஆள் திரும்பும், அதற்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கதை.

நீங்கள் எதற்கு ‘ஏதோ ஒரு நகரம்’ என்று எழுதுகிறீர்கள்? கோபம் வந்தது. அதைவிட அந்த வெள்ளை வான். போர்க்காலத்தில் இங்கே ஆட்களைப் பிடித்துக் காணாமல் ஆக்கியது அப்படி ஒரு வானில்தான். கெத்தா? உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அப்படி ஒரு வான் ஒழுங்கைக்குள் திரும்பினால், அடுப்பில் கொதிப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து பிள்ளைகளை எண்ணிய பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். உங்கள் வயதுக்கு இது தெரியாதது குற்றமில்லை தம்பி. வீட்டில் ஒருவரிடமும் கேட்காமல் எழுத உட்கார்ந்தீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1990 செப்ரெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. யாரும் கப்பம் கேட்கவில்லை. கெடுவும் வைக்கவில்லை. (கப்பத்துக்காகக் கடத்தியவர்களும் பின்னாளில் இருந்தார்கள், அது வேறு கதை.) திரில்லருக்கு ஒரு கெடு வேண்டும். இத்தனை மணிக்குள் பணம், இல்லாவிட்டால் ஆள் இல்லை. அந்தக் கெடுவே இல்லாமல் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு தாய் காத்திருந்தால் அதை எப்படிப் படமாக்குவீர்கள்? எனக்கு நெடுநாளாக இதே கேள்விதான்.

அதே வருடம் எங்கள் பக்கத்து வீட்டு மாமியின் மூத்த மகனையும் கொண்டுபோனார்கள். சைக்கிளில் கடைக்குப் போன பிள்ளை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகு மாமி கேற்றைப் பூட்டவே இல்லை. அது துருப்பிடித்து, திறந்தால் கீச்சென்று எங்கள் வீட்டு அறைக்குள்ளேயே கேட்கும். ஒருநாள் இளைய மகன் பிணைச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டான். மாமி ஈர்க்குக் கட்டை எடுத்து அவனை அடித்தா. “ராவில அண்ணன் வந்தா எனக்கு எப்பிடிடா கேக்கும்?” மறுகா அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து அந்த எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினா. சத்தம் திரும்பி வர ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதம் முழுக்க விறாந்தையில் பாய் போட்டு, வாசலைப் பார்த்தபடியே படுத்தா.

உங்கள் கடத்தல்காரர் இருவரில் ஒருவரை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், வீட்டில் காத்திருக்கும் ஓர் ஆளை உட்கார வையுங்கள். பாத்திரங்கள் அதே மூன்றுதான், செலவு கூடாது. வானைக் காட்டவே வேண்டாம். இரவில் நாய்கள் குரைக்க, எங்கோ ஓர் எஞ்சின் அணையாமல் நின்று ஓடினால் போதும், இங்கே எல்லாருக்கும் விளங்கும். சத்தம் பதிய மட்டும் நல்ல மைக் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஃபோனின் மைக்கை நம்பாதீர்கள்.

முதலில் கல்லடிக்குப் போய் அந்த வீட்டுக் கேற்றைத் திறந்து பாருங்கள். சத்தம் வந்தால் எண்ணெய் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா