சீசன் டிக்கெட் இல்லாமல் மார்கழியில் ஒரு வாரம்

சென்னையின் மார்கழி இசை சீசனுக்காக டிசம்பர் 20 முதல் 27 வரை அம்மாவோடு மயிலாப்பூரில் தங்குகிறீர்கள், சீசன் முழுவதற்குமான டிக்கெட் இல்லை, எந்தக் கச்சேரிகளைக் கேட்கலாம் என்கிறீர்கள். கவலை வேண்டாம், பாதி விஷயம் இலவசம்.

மியூசிக் அகாடமியில் காலை எட்டு மணிக்கு லெக்-டெம் (பாடிக்காட்டி விளக்கும் இசைச் சொற்பொழிவு) நடக்கும், டிக்கெட் தேவையில்லை. மதிய நேரத்து இளம் கலைஞர்களின் கச்சேரிகளும் பெரும்பாலான சபாக்களில் (கச்சேரி நடத்தும் அமைப்புகளில்) இலவசம்தான். உண்மையான கண்டுபிடிப்புகள் அங்கேதான். பெரிய வித்வான்களின் மாலைக் கச்சேரிக்கு ஆன்லைனில் முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் அன்று காலையிலேயே கவுன்ட்டரில் விசாரியுங்கள்.

எல்லோரும் சறுக்குவது ஒரே மாலையில் இரண்டு ஏரியா. நாலு மணிக்கு தி.நகர் வாணி மகால், ஏழு மணிக்கு அகாடமி என்று போட்டால் ட்ராஃபிக்கில் கச்சேரியின் தொடக்க உருப்படியான வர்ணம் போய்விடும். அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலை, அப்படி ஜோடி சேருங்கள்.

ராகம் தானம் பல்லவி (ஒரு ராகத்தை விரிவாகப் பாடி, ஒரே வரியை வளர்த்தெடுக்கும் நீண்ட உருப்படி) இருந்தால் கடைசிப் பகுதியில்தான் வரும், பாதியில் கிளம்பாதீர்கள். மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து கேன்டீனுக்கு ஓடுவது பழைய கெட்ட பழக்கம். கேன்டீனுக்குக் கச்சேரிக்கு முன்பே போய்விடுங்கள். கச்சேரியை முடிக்கும் மங்களம் பாடும்போதே ஆட்டோவை ஆப்பில் புக் செய்யுங்கள், வாசலில் பேரம் படியாது.

அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துவையுங்கள். ஏசி அரங்கில் மூன்று மணி நேரம் குளிரும்.