கார்ப்பல் டனலுக்கு என்டோஸ்கோப்பிதான் நல்லதா?

அம்மாவுக்கு கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் பிரச்சினை) ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், கூடுதல் செலவானாலும் கேமரா விட்டுச் செய்யும் என்டோஸ்கோப்பியே செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் சில வாரங்களுக்கு அது சௌகரியம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கீறிச் செய்யும் பழைய முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். மணிக்கட்டில் மீடியன் நரம்பும் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரே குறுகலான வழியில் போகின்றன. அதற்குக் கூரை மாதிரி இருக்கும் நார்ப்பட்டையை வெட்டிவிட்டால் நரம்புக்கு இடம் கிடைத்துவிடும். பழைய முறையில் உள்ளங்கையில் கீறுவார்கள். என்டோஸ்கோப்பியில் மணிக்கட்டு மடிப்பில் 1 செ.மீ. அளவுக்குத் திறந்து, கேமராவில் பார்த்தபடி வெட்டுவார்கள். தழும்பு வலி குறைவு, வேலைக்கும் சீக்கிரம் திரும்பலாம். ஆனால் நரம்பு தற்காலிகமாகப் பாதிக்கப்படும் வாய்ப்பு இதில் சற்று அதிகம். 1980களிலேயே ஜப்பானில் ஒகுட்சு என்ற மருத்துவர் செய்துகாட்டியதை இன்றும் 'நவீனம்' என்று விளம்பரம் செய்வதுதான் வேடிக்கை.

நிஜமான முன்னேற்றம் என்று நான் நினைப்பது மரத்துப்போகும் ஊசியில் நடந்தது. ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் மருந்தை விரலில் போட்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் அழுகிவிடும் என்று பல தலைமுறை மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் ரத்தத்தை நிறுத்த, மேற்கையில் பட்டை கட்டி இறுக்குவார்கள். அந்த வலியைத் தாங்க மயக்க மருந்தும் தேவைப்படும். கனடாவின் டொனால்ட் லலோண்டும் சக மருத்துவர்களும் 3,110 பேருக்கு கையிலும் விரலிலும் அட்ரினலின் போட்டுக் கவனித்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்குக்கூட விரல் அழுகவில்லை.

இப்போது மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயினோடு அட்ரினலினைக் கலந்து ஊசி போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து வெட்டுகிறார்கள். பட்டையும் இல்லை, மயக்கமும் இல்லை. அறுந்த தசைநாணைத் தைக்கும்போது இதன் அருமை இன்னும் தெரியும். தையல் போட்டதும் நோயாளியையே விரலை மடக்கி நீட்டச் சொல்வார்கள். தையல் எங்காவது பிரிந்தாலோ சிக்கினாலோ அங்கேயே சரிசெய்துவிடலாம்.

துணி தைக்கும் வேலை செய்யும் என் அத்தைக்குக் கார்ப்பல் டனல் ஆபரேஷனை இந்த ஊசி மட்டும் போட்டு, பழைய முறையில் கீறிச் செய்தார்கள். சர்க்கரை நோயாளியான அவருக்கு, பட்டினி கிடக்காமல் இட்லி சாப்பிட்டுவிட்டே போக முடிந்ததுதான் பெரிய நிம்மதி. உள்ளங்கையை ஊன்றி எழுந்திருக்கச் சில வாரம் சிரமப்பட்டார், அவ்வளவுதான்.

அதனால் டாக்டரிடம் கேமரா உண்டா என்று கேட்பதற்கு முன், பட்டை கட்டாமல் ஊசி மட்டும் போட்டுச் செய்வாரா என்று கேளுங்கள். அம்மாவுக்குக் கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கியிருந்தால், எந்த முறை என்று யோசித்து நாளைக் கடத்தாதீர்கள்.