ஓடைக்கரையில் கிடைத்த கல்லின் வயது

கேள்வி: காரை கிராமத்து ஓடைக்கரையில் சுருள் சங்கு போன்ற கல் கிடைத்தது. கார்பன் சோதனைக்கு அனுப்பினால் வயது தெரியுமா?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: தெரியாது, பணம்தான் வீணாகும். இச்சோதனை அளக்கும் கதிரியக்கக் கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டிய பொருளில் அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது. நீங்கள் சொல்வது அம்மோனைட்டாக (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிரி) இருந்தால், அந்த உயிரினமே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துவிட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. 1 சதவீதம் புதிய கார்பன் கலந்துவிட்டால் போதும், கோடி ஆண்டுப் பொருளும் ஏறக்குறைய 37,000 ஆண்டு என்று காட்டும். அறிக்கையில் எண் இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம்.

இத்தகைய கல்லின் வயதை அது பதிந்திருந்த அடுக்கை வைத்துத்தான் சொல்ல முடியும். அம்மோனைட்டில் ஒவ்வொரு இனமும் நிலைத்தது கொஞ்ச காலமே. ஆனால் பல இனங்கள் கடல்வழியே வெகுதூரம் பரவின. ஒரே இனம் இரு நாட்டுப் பாறைகளில் இருந்தால் அவை ஏறத்தாழ ஒரே காலத்தவை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அம்மோனைட் அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் படிந்திருக்கிறது. அந்தச் சாம்பலின் படிகங்களில் கதிரியக்கப் பொட்டாசியம்-40 சிதைந்து உண்டான ஆர்கான் வாயுவை அளந்து ஆண்டுக்கணக்கைப் பெறுகிறார்கள். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் யுகத்தின் அடுத்தடுத்த பிரிவுகளான செனோமேனியன், டுரோனியன் காலங்களுக்கு இடைப்பட்ட எல்லை 9.39 கோடி ஆண்டு என்பதற்கு அந்தச் சாம்பல் முக்கியச் சான்று. காரைப் பாறைகள் அந்த எல்லையின் இரு பக்கத்துக் காலங்களையும் சேர்ந்தவை.

ஓடையில் உருண்டு வந்த கல் எந்த அடுக்கினது என்று தெரியாது. அதனால் தயவுசெய்து கல்லைக் கழுவாதீர்கள்! ஒட்டியுள்ள களிமண் மிக மதிப்புள்ளது. அதைக் காயவைத்து, நீரில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் அலசினால் ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணிய ஒரு செல் உயிரிகளின் ஓடுகள் தங்கக்கூடும். அவற்றின் இனத்தைக் கொண்டே, கல் உடைந்திருந்தாலும், காலத்தைக் கணிக்கலாம். இனி எடுக்கும்போது பாறையில் பதிந்திருக்கும் நிலையிலேயே படமெடுத்து, ஜிபிஎஸ் குறித்து, அடையாளம் தெரியும் ஓர் அடுக்கிலிருந்து எத்தனை மீட்டர் மேலே அல்லது கீழே என்றும் எழுதிவையுங்கள்.

கேள்வி: மணற்பாறையிலுள்ள சிர்கான் படிகத்தை அளந்தால் பாறையின் வயது கிடைக்குமா?
– வாசகர், திருச்சி

பதில்: படிகத்தின் வயதுதான் கிடைக்கும். சிர்கான் என்னும் கடினமான கனிமம் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏறக்குறைய ஏற்காது. எனவே உள்ளிருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது என்று கொள்ளலாம். ஆனால் அந்த மணல் பழைய மலைகள் தேய்ந்து வந்தது. பல மணிகளை அளந்து, அவற்றில் மிக இளையதைப் பார்த்து, பாறை அதைவிடப் பழையதல்ல என்று மட்டும் சொல்லலாம்.