கெமிஸ்ட்ரி படிக்கும் மகளுக்கு எந்த பிசினஸ் மைனர்?

ஐயா, வணக்கம்.

உங்கள் மகள் யுஎஸ்எம்-இல் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வேதியியல் படிக்கிறாள், மைனர், அதாவது மேஜர் என்ற முதன்மைப் பாடத்தோடு கூட எடுக்கும் துணைப் பாடம், எது என்று சீக்கிரம் முடிவு செய்தாக வேண்டும், அதற்குள் வீட்டில் மூன்று கட்சி ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அக்கவுண்டிங் என்கிறீர்கள். அவளுடைய தோழிகள் எல்லாரும் மேனேஜ்மென்ட். கோலாலம்பூரில் பேங்கில் வேலை செய்யும் மாமா, "பைனான்ஸ் எடுக்கச் சொல்லுங்க, மத்ததெல்லாம் வீண்" என்கிறார். அவளுக்கு எது பிடிக்கும் என்று ஒரு வரி கூட உங்கள் கடிதத்தில் இல்லை. இருக்கட்டும், அதற்கும் வருகிறேன்.

முதலில் உங்கள் பயம். வெறும் கெமிஸ்ட்ரியோடு வெளியே வந்தால் யார் வேலை கொடுப்பார்கள், கூட ஒரு பிசினஸ் பெயர் இருந்தால் நல்லதுதானே என்று கேட்கிறீர்கள். நல்லதுதான், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஆள் எடுப்பவர் முதலில் பார்ப்பது மேஜரை. மைனர் ரெஸ்யூமில் ஒரு வரி. அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்கக்கூடிய கேள்வியும் ஒன்றுதான்: "சரி, அதில் என்ன கற்றுக்கொண்டாய்?" அந்த இடத்தில் பிள்ளை திணறினால், அந்த வரியைப் போடாமலே இருந்திருக்கலாம். ஆகவே மைனரின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, அதற்குள் என்னென்ன பாடங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போட வைக்கிற பாடம் இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும். அவை அவளுடைய வேதியியலோடு ஒட்ட வேண்டும். என்னைக் கேட்டால், தேர்வுக்கு இவ்வளவுதான் அளவுகோல்.

இது சின்ன விஷயம் என்றும் நினைத்துவிட வேண்டாம். மலேசியாவில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) கணக்குப்படி ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, அசைன்மென்ட், வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். யுஎஸ்எம்-இல் மைனருக்குப் பொதுவாக 16 முதல் 20 யூனிட் (கிரெடிட்டுக்கு அங்கே உள்ள பெயர்) போகும். 20 என்றே வைத்துக்கொண்டால் 800 மணி நேரம், மொத்தப் படிப்பில் ஆறில் ஒரு பங்கு. தோழிகளோடு ஒரே வகுப்பில் உட்காரலாம் என்பதற்காக 800 மணி நேரம் கொஞ்சம் அதிகம்.

இப்போது அக்கவுண்டிங். "பின்னாடி அக்கவுண்டன்ட் ஆகிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். மைனரை வைத்து அப்படி ஆக முடியாது. இந்த நாட்டில் ஒருவர் தன்னை அக்கவுண்டன்ட் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், 1967-ஆம் ஆண்டு கணக்காளர் சட்டப்படி எம்ஐஏ-வில் (மலேசியக் கணக்காளர் கழகம்) உறுப்பினராக இருக்க வேண்டும். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட முழுக் கணக்கியல் பட்டம் வேண்டும், இல்லாவிட்டால் ஏசிசிஏ போன்ற தொழில்முறைத் தேர்வுகளை முடிக்க வேண்டும், அனுபவமும் வேண்டும். ஐந்தாறு பாடம் படித்துவிட்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது. நாளைக்கு அவளுக்கே ஆசை வந்தால் பட்டம் முடித்த பிறகு ஏசிசிஏ-வில் சேரலாம். அதற்கு மைனர் கட்டாயம் இல்லை.

ஆனாலும் மூன்று கட்சியில் உங்கள் கட்சிக்குத்தான் நான் கிட்ட நிற்கிறேன், காரணம் மட்டும் வேறு. அக்கவுண்டிங்கில் இரண்டு பாடம் அவளுக்கு ரொம்ப உதவும். ஒன்று, கம்பெனியின் கணக்கறிக்கையைப் படிக்கக் கற்றுத்தரும் அடிப்படைப் பாடம். இன்னொன்று காஸ்டிங், அதாவது ஒரு பொருளைச் செய்ய உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று கண்டுபிடிப்பது. இந்த இரண்டாவதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம், உங்கள் மகள் படிப்பது பினாங்கில்.

பாயான் லெப்பாஸில் 1972-இல் தொழிற்பேட்டை தொடங்கியபோதே இண்டெல் வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அவர்கள் போட்ட முதல் தொழிற்சாலை அதுதான். மருத்துவக் கருவிகள் செய்யும் பி.பிரவுனும் அதே ஆண்டு வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்றைக்கும் இந்தத் தீவில் வேதியியல் பட்டதாரி போய் நிற்கும் வாசல்களில் பெரியது அந்தப் பக்கம்தான். தரக் கட்டுப்பாடு, பழுது ஆய்வு, ப்ரோசஸ் வேலை, தொழிற்சாலைகளுக்கு ரசாயனம் விற்கும் கம்பெனிகளில் டெக்னிக்கல் சேல்ஸ், மூலப்பொருள் வாங்கும் பர்சேசிங் பிரிவு என்று இடம் பல. இதில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒரு நாள் மேனேஜர் கேட்பார்: "நீ சொல்ற மாற்றத்தால கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம்?"

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நான் போட்டவை, விளக்கத்துக்காக. நூறு சில்லு (சிப்) செய்ய 500 ரிங்கிட் ஆகிறது. அதில் 94 தேறுகிறது. அப்படியானால் தேறிய ஒன்றின் விலை 5 ரிங்கிட் 32 சென். உங்கள் மகள் கழுவும் ரசாயனத்தின் அளவை மாற்றிப் பார்க்கிறாள், 96 தேறுகிறது. இப்போது ஒன்றின் விலை 5 ரிங்கிட் 21 சென். பதினொரு சென்தானே என்று தோன்றும். மாதம் பத்து லட்சம் சில்லு வெளியே போகிற இடத்தில் அது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரிங்கிட். "ஈல்ட் (நூற்றுக்குத் தேறும் அளவு) இரண்டு சதவீதம் கூடியிருக்கிறது" என்று சொல்வதோடு நிறுத்துகிறவளும் கெட்டிக்காரிதான். அந்த ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தையும், புது ரசாயனத்துக்கு ஆகும் கூடுதல் செலவைக் கழித்துக்கொண்டு, ஒரு தாளில் எழுதி நீட்டுகிறவளை மேனேஜர் அடுத்த மீட்டிங்குக்கும் கூப்பிடுவார். நாசி கண்டார் கடையில் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வாங்கிக் குடிப்பவர் யாரும் இல்லை. சோற்றின்மேல் விழுந்தால்தான் அதற்கு மதிப்பு. மைனரும் அப்படித்தான்.

இதே காரணத்துக்காக ஆப்பரேஷன்ஸ் மேனேஜ்மென்ட், சப்ளை செயின் மாதிரியான பாடங்களும் எனக்குப் பிடிக்கும். நீங்களே பிறையில் லாரி கம்பெனியில் டிஸ்பேட்ச் பார்க்கிறேன் என்கிறீர்கள். பிஓ (வாங்கும் ஆர்டர்), டிஓ (டெலிவரி ஆர்டர்), இன்வாய்ஸ் மூன்றும் எந்த வரிசையில் நகரும், ஒன்று தவறினால் யார் தலையில் விடியும் என்று உங்களுக்குத் தெரிந்த அளவு பல லெக்சரர்களுக்குத் தெரியாது. விடுமுறையில் பிள்ளையை ஒரு வாரம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வையுங்கள்.

தோழிகள் சொல்லும் மேனேஜ்மென்ட் மைனரை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். அதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. நிர்வாகத்தின் கோட்பாடுகள், நிறுவன நடத்தை, மனிதவளம் என்று எல்லாமே விளக்கி எழுதும் பாடங்களாக இருந்தால், அதில் பாதியை வேலைக்குப் போன இரண்டு வருடத்தில் தானாகவே கற்றுக்கொள்வாள். அதே மைனருக்குள் அக்கவுண்டிங், பைனான்ஸ், ஆப்பரேஷன்ஸ் என்று தேர்ந்தெடுக்க இடம் விட்டிருந்தால் தாராளமாக எடுக்கட்டும். பெயர் பொதுவாக இருந்தாலும் பரவாயில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்தப் பாடங்களில் குரூப் அசைன்மென்ட் நிறைய. மதியம் முழுக்க லேபில் நிற்கிற சயன்ஸ் பிள்ளை, மற்றவர்கள் மீட்டிங் வைக்கும் நேரத்துக்கு ஓட முடியாமல் தவிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாமா சொல்லும் பைனான்ஸ் நல்ல பாடம். அவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது மட்டும்தான் கண்ணில் படும், அது அவர் குற்றம் இல்லை. அங்கே நுழைய வழக்கமாக முதலில் அக்கவுண்டிங் ஒரு பாடமாவது முடித்திருக்க வேண்டும், புள்ளியியலும் கொஞ்சம் தெரிய வேண்டும். அவள் பேங்குக்கோ முதலீட்டுத் துறைக்கோ போக நினைத்தால் சரி. வேதியியலை விடாமல் வேலை செய்ய நினைத்தால் காஸ்டிங்தான் முதலில். மார்க்கெட்டிங்கை டெக்னிக்கல் சேல்ஸ் ஆசை இருந்தால் மட்டும் யோசிக்கலாம். தொழில்முனைவு மைனரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. தொழில் தொடங்குகிறவர்கள் எஸ்எஸ்எம்-இல் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவு செய்துவிட்டுத் தொடங்கிவிடுகிறார்கள்.

மதிப்பெண் விஷயத்தில் பெற்றோர் பலர் ஏமாறுகிறார்கள். மைனர் பாடங்களின் கிரேடும் பொதுவாக சிஜிபிஏ-வில் (மொத்தப் படிப்பின் கிரேடு சராசரி) சேரும். மற்ற 100 யூனிட்டில் அவள் சராசரி 3.70 என்று வையுங்கள். மைனரின் 20 யூனிட்டில் பி பிளஸ், அதாவது 3.33 வாங்கினால் மொத்தம் 3.64-இல் நிற்கும். பி மைனஸ், 2.67 என்றால் 3.53-க்கு இறங்கிவிடும். முதல் வகுப்பு எல்லையில் நிற்கும் பிள்ளைக்கு இது விளையாட்டு இல்லை. பிடிபிடிஎன் (அரசின் உயர்கல்விக் கடன் நிதி) கடன் வாங்கியிருக்கிறாள் என்று சொன்னீர்கள். முதல் வகுப்பில் தேறினால் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கும் வழி இருக்கிறது. அதன் நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருப்பதால் பிடிபிடிஎன்-இன் இப்போதைய விதிகளை அவளே படித்துப் பார்க்கட்டும். மைனருக்காக ஒரு பருவம் கூடுதலாக இழுத்தால் செலவு உங்கள் கையிலிருந்து போகலாம் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

எம்பிஏ படிக்க பிசினஸ் மைனர் தேவையா என்றும் கேட்டிருந்தீர்கள். தேவை இல்லை. எம்பிஏ-வுக்கு எந்தத் துறைப் பட்டமும் செல்லும், வேலை அனுபவத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். அரசாங்கத்தில் பிடிடி (நிர்வாக, தூதரகச் சேவை) அதிகாரி வேலைக்கும் எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம், அங்கே மைனர் பெரிய விஷயம் இல்லை.

நிபோங் திபாலில் எஞ்சினியரிங் படிக்கும் உங்கள் அண்ணன் மகனை இதோடு ஒப்பிட வேண்டாம். அங்கீகாரம் பெற்ற எஞ்சினியரிங் படிப்புக்குக் குறைந்தது 135 கிரெடிட், அதில் 90 எஞ்சினியரிங் பாடங்களாகவே இருக்க வேண்டும். மைனருக்கு அங்கே மூச்சுவிட இடம் குறைவு. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்டும் செலவுக் கணக்கும் அவன் படிப்புக்குள்ளேயே வந்துவிடும்.

இனி அவள் செய்ய வேண்டியது. பதிவு தொடங்குவதற்கு முன் தன் அகாடமிக் அட்வைசரைப் போய்ப் பார்க்கட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம், வாசலில் காரில் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். அவள் கேட்க வேண்டியவை: மைனர் வகுப்புகள் லேப் நேரத்தோடு மோதுமா, எந்தப் பாடத்துக்கு எது முன்தேவை, வெளி ஸ்கூல் (வேறு துறை) மாணவர்களுக்குக் கோட்டா எத்தனை, மைனர் டிரான்ஸ்கிரிப்டில் எப்படிப் பதிவாகும், நடுவில் விட்டுவிட்டால் படித்த யூனிட்டுகள் எலெக்டிவாக (விருப்பப் பாடமாக) எண்ணப்படுமா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, அதுதான் முக்கியமானது. போன வருடம் அதே மைனரை முடித்த ஒரு சீனியரையும் பிடித்துப் பேசினால், கையேட்டில் இல்லாத நாலு விஷயம் தெரியவரும்.

கோட்டா நிரம்பிவிட்டால் பதற வேண்டாம். அக்கவுண்டிங் அடிப்படை ஒன்று, காஸ்டிங் ஒன்று, இந்த இரண்டையும் எலெக்டிவாக எடுக்க முடியுமா என்று பார்க்கட்டும். மைனருக்கு அவளுக்குப் பிடித்த வேறு எதையாவது, கணிதமோ கம்ப்யூட்டரோ, எடுத்துக்கொள்ளலாம். இண்டர்ன்ஷிப்புக்கு லேபுக்கு மட்டும் எழுதாமல், தொழிற்சாலைகளின் பர்சேசிங் பிரிவுக்கும் இரண்டு மூன்று விண்ணப்பம் போடட்டும்.